அறுவை வாணிகனின் ஊரில்

வியாழன், இரவு. டவுன்ஹால் ரோடு

புரட்டாசி பிறந்துவிட்டால் ஈரோட்டில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் யாருக்கும் லீவு கிடையாது. தீபாவளி முடிகிற வரை அப்படித்தான். அதனால் ஆவணியிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டேன்.

நான் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள். பேல் எத்தனை வந்தது, எத்தனை போனது, எந்த ஊர்ப் பார்ட்டி எவ்வளவு பாக்கி என்று பகல் ஓடிவிடும். ராத்திரி வீடு அடங்கிய பிறகு கதை எழுதுகிறேன். அதைப் பற்றிப் பேச எனக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. கடையில் உள்ளவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒரு வாக்கியம் வரவில்லையே என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது. எனக்குத் துணை என்று இருப்பவர்கள் எல்லாம் எழுதி முடித்துப் போய்ச் சேர்ந்தவர்கள். சிலர் போய் நூறு வருஷம், சிலர் போய் இரண்டாயிரம் வருஷம். அவர்கள் வேலை பார்த்த இடம், நடந்த மலை, பிறந்த ஊர் இவற்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பார்ப்பதை அன்றன்றைக்கு ராத்திரி இங்கே எழுதிப் போடுகிறேன்.

ஆரப்பாளையத்தில் இறங்கியபோது வெயில் உச்சியில் இருந்தது. ரூமில் பையைப் போட்டுவிட்டு முதலில் போனது வடக்கு வெளி வீதி, சேதுபதி மேல்நிலைப் பள்ளி. வாசலில் வாட்ச்மேன் அண்ணன் நிறுத்தினார்.

"யாரப் பாக்கணும்மா?"

"பாரதியார் சிலை இருக்குதுங்களே, அதைப் பாக்கலாமுங்களா? ஈரோட்லருந்து வர்றேன்."

"அம்புட்டுத் தொலவுல இருந்தா? சரி, பெல் அடிச்சா பயலுக மொத்தமா வந்துருவாங்கெ. அதுக்குள்ள பாத்துட்டு வந்துருங்க."

1904 ஆகஸ்டு 1 முதல் நவம்பர் 10 வரை பாரதி இங்கே தமிழாசிரியர். லீவில் போன ஒருவருக்குப் பதிலாகக் கிடைத்த தற்காலிக வேலை. மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். வயது 21. அதற்கு முந்தின மாதம்தான், ஜூலையில், மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த 'விவேகபாநு' பத்திரிகையில் 'தனிமை இரக்கம்' என்ற அவருடைய கவிதை அச்சானது. அவருடைய அச்சான முதல் கவிதை என்று அதைத்தான் சொல்கிறார்கள். நவம்பரில் சென்னைக்குப் போய் சுதேசமித்திரனில் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மனதில் நிற்பது அந்த மூன்று மாதத்துக்காரர்தான். எட்டயபுரம் ஜமீன் வேலையை விட்டுவிட்டு வந்தவர், இந்த வேலையும் நிரந்தரம் இல்லை என்று தெரிந்தே காலையில் முண்டாசைக் கட்டிக்கொண்டு இந்த வாசலுக்குள் நுழைந்திருப்பார். வகுப்பில் இலக்கணம் நடத்திவிட்டு, சாயங்காலம் தன்னுடைய வரிகளோடு தனியாக நடந்திருப்பார். தமிழ்நாடு அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடப் போகிறது என்பது அன்றைக்கு அவருக்கே தெரியாது. அந்த மனிதரிடம் என்னால் பேச முடிகிறது. படத்தில் இருக்கும் மகாகவியிடம் பேச எனக்குக் கூச்சம்.

மணி அடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம் ரோட்டில் சங்கக் கட்டடம். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவியது. மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தவர் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம், ஊரில் ஒரு பிரதி கிடைக்கவில்லையாம், அந்த வேதனையில்தான் சங்கம் வைத்தார் என்று சொல்வார்கள். தமிழ் வளர்த்த மதுரையில் குறள் கிடைக்காத ஒரு காலம் இருந்திருக்கிறது. நான் வாசிக்கும் பழைய பாட்டெல்லாம் என் கைக்கு வந்து சேர இப்படி எத்தனை பேர் வேதனைப்பட்டு அலைந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே சிம்மக்கல் வரை நடந்தேன்.

வெள்ளி. கிடாரிப்பட்டி

இந்தப் பயணமே இன்றைய நாளுக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன்.

சங்கப் பாட்டு எழுதினவர்களின் பெயர்ப் பட்டியலை யாராவது உட்கார்ந்து வாசித்திருக்கிறீர்களா? பாட்டை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வாசியுங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், தானிய வியாபாரி. மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனார், பலசரக்கு. மதுரைக் கொல்லன் புல்லன். மதுரை ஓலைக்கடையத்தார் நல்வெள்ளையார். மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன்கூத்தனார், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார். அப்புறம் எனக்கு மிகவும் வேண்டியவர், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி. அவர் ஜவுளி வியாபாரி.

இந்தப் பெயரை முதலில் பார்த்தபோது கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். சுற்றிலும் வேட்டிக் கட்டு. கையில் அகநானூறு. என் தொழில்காரர் ஒருவர் இதற்குள் இருக்கிறார் என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவருடைய பாட்டுகள் அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, புறநானூறு என்று நான்கு தொகையிலும் இருக்கின்றன. அந்த நாளிலிருந்து அவரை நான் மனதுக்குள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். கடைக்காரரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

சரி, கிடாரிப்பட்டிக்கு வருகிறேன். அழகர்கோயில் வரை பஸ், அங்கிருந்து மேலூர் போகும் ரோட்டில் ஷேர் ஆட்டோ. ஊருக்குப் பின்னால் அழகர்மலை நீண்டு கிடக்கிறது. அதன் ஒரு பகுதியைப் பஞ்சபாண்டவர் மலை என்கிறார்கள். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தாவிடம் வழி கேட்டேன்.

"எழுத்துப் பாக்கவா தாயி? இங்கிட்டுக் கூடி ஏறு. கொரங்கு கெடக்கும், பையக் கெட்டியாப் பிடிச்சுக்க. ஒத்தையிலயா வந்த?"

"ஆமாங்க அப்பத்தா."

"மேல சொனையில தண்ணி கெடக்கும். தொட்டு முகத்தைக் கழுவிக்க. சீக்கிரமா எறங்கிரு."

ஏறினேன். மேலே பெரிய பாறை ஒன்று கூரையாகக் கவிந்திருக்கிறது. உள்ளே குளிர்ச்சி. அப்பத்தா சொன்ன சுனை இருந்தது, கழுவிக்கொண்டேன். தரையில் சமண முனிவர்களுக்கு வெட்டிக்கொடுத்த கல் படுக்கைகள். மழைத்தண்ணீர் உள்ளே வடியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் காடி வெட்டி, அந்த விளிம்பையொட்டித் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துகள். கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. படுக்கை வெட்டக் கொடுத்தவர்கள் யார் யார் என்று வரிசையாகப் பெயர் இருக்கிறது. மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். உப்பு வாணிகன் ஒருவன். பணித வாணிகன், கொழு வாணிகன், அதாவது வெல்லப்பாகு விற்றவன், ஏர்க்கொழு விற்றவன். அப்புறம் ஓர் அறுவை வாணிகன்!

இந்தத் துணி வியாபாரியும் என் இளவேட்டனாரும் ஒரே ஆள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் பாட்டின் அடியில் நிற்கும் அதே தொழில் பெயர் இங்கே கல்லில் இருக்கிறது. புத்தகத்தில் யாரோ பின்னால் சேர்த்துவிட்ட அலங்காரப் பட்டம் இல்லை அது. மதுரைத் தெருவில் துணி விற்றவர்கள் அப்படித்தான் தங்களை அழைத்துக்கொண்டார்கள், கடையைப் பூட்டிவிட்டு மலை ஏறி வந்து முனிவர்களுக்குப் படுக்கை வெட்டிக்கொடுத்தார்கள், அவர்களில் ஒருவர் பாட்டும் எழுதினார். தமிழியில் 'க' என்பது கூட்டல் குறி போலவே இருக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எழுத்துகளைத் தேடித் தேடி, கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்த்தேன்.

அங்கேயே உட்கார்ந்து, போனில் ஏற்றி வைத்திருந்த அவருடைய அகநானூறு 56ஐ வாசித்தேன். இதை வாசிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். புருஷன் வேறொருத்தி வீட்டுக்குப் போய்வருகிறான். அந்தப் போக்குவரத்துக்குத் துணையாக இருப்பவன் ஒரு பாணன். இந்தப் பெண் தன் தோழியிடம் சொல்கிறாள்: நேற்று ஒரு கூத்து நடந்ததடி, எனக்குச் சிரிப்பாக வருகிறது. அந்தப் பாணன் தெருவில் வந்துகொண்டிருந்தான். கன்று போட்ட பசு ஒன்று அவன்மேல் பாய்ந்தது. பயந்துபோய் யாழைக் கீழே போட்டுவிட்டு நேராக என் வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டான். எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு எதிரே போய், "இம்மனை அன்று, அஃது உம்மனை" என்றேன். என்னையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மயங்கிப்போய்க் கும்பிட்டு நின்றானடி.

அவ்வளவுதான் பாட்டு. புருஷனை அவள் திட்டவே இல்லை. அழவும் இல்லை. ஆனால் உங்கள் வீடு அதோ அங்கே என்று அவள் காட்டும்போது அந்தக் கைக்குப் பின்னால் எத்தனை ராத்திரி இருக்கிறது! அதே பாட்டில் ஓர் எருமையும் வருகிறது. இரும்பில் செய்ததுபோல் கறுத்த கொம்புள்ள எருமை, ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூவைத் தின்றுவிட்டு, முதுகில் காஞ்சிப் பூவின் மகரந்தம் ஒட்டியிருக்க அசைபோட்டபடி தொழுவத்துக்குத் திரும்புகிறது. இதைப் பார்த்தவர் திண்ணையில் உட்கார்ந்து வியாபாரத்துக்கு நடுவே தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் தீர்மானம். கடையில் இருப்பவர்களுக்கு அந்தக் கண் வந்துவிடும். எந்த அம்மா எந்தச் சேலையை எடுத்துப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டதும் மடித்து வைக்கிறாள், யார் யாருக்காக வாங்குகிறார்கள், எல்லாம் நம் கண்முன் நடக்கிறது.

என் கதைகளில் முன்பெல்லாம் பெண்கள் நிறைய அழுவார்கள். இந்தப் பாட்டைப் படித்த பிறகு அது நின்றது. கல்யாணச் சேலை எடுக்க வந்த இடத்தில் ஓர் அக்கா தன் தங்கையிடம் பேசும் ஒரே ஒரு கேலியை வைத்து ஒரு கதை எழுதினேன். நான் எழுதியதில் எனக்கே பிடித்தது அது ஒன்றுதான். அதைக் கற்றுக்கொடுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மலைக்கு வந்தேன். பாறைக்குக் கீழே நின்று வாய்விட்டே சொன்னேன்.

அங்கே ஒரு தீர்த்தங்கரர் சிற்பமும், பல நூற்றாண்டு கழித்து வந்த அச்சணந்தி என்ற துறவியின் பெயர் வட்டெழுத்திலும் இருக்கின்றன. இறங்கும்போது அப்பத்தா அதே இடத்தில் இருந்தார். "எழுத்துத் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன்.

சனி. கீழடி

நேற்று ஏறியதில் கால் வலி. இன்று கீழடி மட்டும். மதுரையிலிருந்து பக்கம்தான், பன்னிரண்டு கிலோமீட்டர் போல. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் அழகாக இருக்கிறது. எல்லோரும் உறைகிணற்றின் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தக்களிகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. நூல் நூற்ற தக்களி, துணியில் வேலைப்பாடு செய்த எலும்பு முனைக் கருவி. அண்ணாச்சி கடைக்குச் சரக்கு எந்தத் தறியிலிருந்து வந்திருக்கும் என்ற கேள்விக்கு ஒரு பாதி பதில் அங்கே இருந்தது.

பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருக்கிறார்கள். ராஜா கீறியது இல்லை, பானைக்குச் சொந்தக்காரர்கள் கீறியது. எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் அம்மா பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்தே வளர்ந்ததால் இது எனக்கு உடனே புரிந்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ரூமிலேயே இருந்து புறநானூறு வாசித்தேன். பிசிராந்தையாரின் ஊரான பிசிர் இந்தப் பாண்டிய நாட்டில்தான் இருந்தது. அவருக்கும் உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழனுக்கும் நட்பு. ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. சோழன் தன் மக்களோடு பகையாகி, வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் இருந்து, உயிர்விடத் தீர்மானிக்கிறான். ஆந்தை வருவார், அவருக்கும் பக்கத்தில் இடம் விடுங்கள் என்கிறான். சுற்றி இருப்பவர்கள் சந்தேகப்படுகிறார்கள். "கேட்டல் மாத்திரை அல்லது யாவதும் காண்டல் இல்லாது" வருஷக்கணக்காகப் பழகியவர், இத்தனை தூரம் வருவாரா? அவன் பதில் சொல்கிறான்: தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்திலும் என் பெயர் சோழன் என்று சொல்கிறவர் அவர். இப்போதே வருவார். "ஒழிக்க அவற்கு இடமே."

வந்தார். சோழனோடு அவரும் வடக்கிருந்தார்.

பார்க்காத ஆளோடு எப்படி இவ்வளவு ஒட்டுதல் என்று என் தோழி ஒருத்தி கேட்பாள். நாளைக்கு அவளுக்கு இந்தப் பாட்டை அனுப்ப வேண்டும்.

ஞாயிறு. சிங்கம்புணரி, பிரான்மலை

மாட்டுத்தாவணியில் காலை பஸ். மேலூர், கொட்டாம்பட்டி வழியாக சிங்கம்புணரி. ஊருக்குள் நுழையும்போதே தேங்காய் நார் வாசம், கயிறு திரிக்கும் இடங்கள். நான் வந்தது ப. சிங்காரத்துக்காக.

1920இல் இங்கே பிறந்தவர். பதினெட்டு வயதில் கப்பல் ஏறி இந்தோனேசியாவில் மேடானுக்குப் போனார். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் வந்தான், போனான். 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். ஒண்டி ஆள். ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒரு அறைதான் அவருக்கு வீடு, பல பத்தாண்டுகள். எழுதியது இரண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு வாங்கி 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி' எழுதிப் பல வருஷம் கழித்து 1972இல்தான் புத்தகமானது. அதற்கப்புறம் நாவல் எதுவும் எழுதவில்லை. 1997இல் இறந்தபோது, சேர்த்து வைத்த பணத்தை மாணவர்கள் படிப்புக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஐயா, சிங்காரம்னு ஒரு எழுத்தாளர், இந்த ஊர்க்காரர்…"

"எந்தச் சிங்காரம்? இங்க ஏகப்பட்ட சிங்காரம் இருக்காக."

"நாவல் எழுதுனவருங்க. கப்பல்ல போனவரு."

"கப்பல்ல போனவுகளும் ஏகப்பட்ட பேரு தாயி. எங்க சித்தப்பாரே பினாங்குல இருந்தாக. கடுதாசி வரும், சாமான் வரும், அப்புறம் சண்டையில ஒண்ணும் வரல."

அவர் சித்தப்பாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நான் குறுக்கே பேசவில்லை. சிங்காரம் வீடு எது என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனால் அந்த நாவல் எங்கிருந்து வந்தது என்பது டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது. குண்டு விழும் ஊரில் நின்றுகொண்டு அதில் வரும் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொண்டே இருப்பான். கடைகள், சாப்பாடு, ஆட்கள் என்று ஊரே வரிசையாக வரும். எழுதியவர் திரும்பி வந்து அதே தெருக்களில் தனியாக நடந்து, ராத்திரி அறையில் உட்கார்ந்து கடலை நினைத்திருக்கிறார். பத்திரிகை ஆபீஸில் பகலெல்லாம் மற்றவர் செய்தியைப் பார்த்துவிட்டு வந்து அப்படி ஒரு மொழியில் எழுத எவ்வளவு தெம்பு வேண்டும்! யாரும் இன்னும் புகழவில்லை, புத்தகமாகுமா என்று தெரியவில்லை, இருந்தும் ஒரு வாக்கியத்தைக்கூட அவர் சும்மா விடவில்லை. எனக்குச் சோர்வாக இருக்கும் ராத்திரிகளில் அந்த அறையின் விளக்கைத்தான் நினைத்துக்கொள்வேன்.

மத்தியானம் பிரான்மலை. பழைய பெயர் பறம்பு. பாரியின் மலை, கபிலரின் மலை. அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் கோயில், உச்சியில் முருகன் கோயிலும் தர்காவும். கால்வலியோடு உச்சி வரை போக முடியாது என்று பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டேன்.

மூவேந்தரும் முற்றுகையிட்டபோது கபிலர் சொன்னது, உழவர் உழாமலே இந்த மலை நான்கு தரும்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பட்டினி போட்டு உங்களால் ஜெயிக்க முடியாது. வேண்டுமானால் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான். நண்பனின் மலையைப் பற்றி எவ்வளவு பெருமை பாருங்கள். அப்புறம் பாரி செத்துப்போகிறான். கபிலர் அவன் மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறார். கண்ணில் நீரோடு கும்பிட்டு, போகிறோம் பறம்பே, நீ வாழ்க என்கிறார். சங்கத்தில் இருநூறு பாட்டுக்கு மேல் எழுதியவர் கபிலர். தொண்ணூற்றொன்பது பூவின் பெயரை ஒரே மூச்சில் சொன்னவர். எனக்கு அவர் அந்த இறக்கத்தில், இரண்டு பெண் பிள்ளைகளோடு, அடுத்து எந்த ஊர் என்று தெரியாமல் நடக்கும்போதுதான் மிக நெருக்கம்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. பஸ் கிளம்பிய பிறகுதான் புறநானூறு 114 கண்முன் நடந்தது. "ஈண்டுநின் றோர்க்கும் தோன்றும் சிறுவரை சென்றுநின் றோர்க்கும் தோன்றும்." இங்கே நின்று பார்த்தாலும் தெரிகிறது, கொஞ்சம் தூரம் போய் நின்று பார்த்தாலும் தெரிகிறது, அவன் குன்று. இதை நான் புத்தகத்தில் பலமுறை கடந்து போயிருக்கிறேன். சாதாரணமான வரி. இன்று வயல் போனது, தென்னந்தோப்பு போனது, வளைவு திரும்பியது, மலை அப்படியே நின்றது. அந்தப் பெண்களுக்கு அவர் காட்டியிருப்பார், அதோ இன்னும் தெரிகிறது என்று. திரும்பிப் பார்க்கச் சொல்லவும் முடியாது, பார்க்காதே என்று சொல்லவும் முடியாது. மலை மறைகிற இடம் வரைக்கும் ஒரு வார்த்தையும் பேச முடியாமல் வந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா, "என்னத்தா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

திங்கள். வத்தலக்குண்டு, அப்புறம் வீடு

ரூமைக் காலி செய்துவிட்டு, திண்டுக்கல் வழியாகப் போகிற சாக்கில் வத்தலக்குண்டில் இறங்கினேன். கொடைக்கானல் போகிறவர்கள் டீ குடிக்க நிறுத்தும் ஊர். இந்த ஒரே ஊருக்குச் சொந்தக்காரர்கள் ராஜம் ஐயர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா. தமிழ் உரைநடையின் ஐம்பது அறுபது வருஷத்தை இந்த மூன்று பேரை வைத்தே சொல்லிவிடலாம்.

ராஜம் ஐயர் 1872இல் பிறந்து 1898இல் போய்விட்டார். இருபத்தாறு வயது. அதற்குள் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிவிட்டார். 1893லிருந்து 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. அதில் ஊர்ப் பெண்கள் கூடி வம்பளக்கும் இடத்துக்கு வம்பர் மகாசபை என்று பெயர் வைத்திருப்பார். தமிழில் நாவல் என்பதே தவழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் அவருக்கு முன்னால் வழி போட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போது எழுதுவதற்கு நமக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை.

ராமையா 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்தியவர். அவருடைய சிறுகதைப் பாணியை ஆராய்ந்து செல்லப்பா ஒரு புத்தகமே எழுதினார். தன் ஊரில் தனக்கு முன்னால் எழுதிய ஒருவரை இன்னொருவர் வரிவரியாக வாசித்து, இவர் இப்படிச் செய்கிறார், இங்கே இதனால் நன்றாக வந்திருக்கிறது என்று எழுதி வைப்பது எவ்வளவு பெரிய அன்பு! எனக்கு விருதைவிட அப்படி ஒரு வாசகர் கிடைப்பது மேல்.

செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புதுக்கவிதைக்கு அது வீடு. புத்தகங்களைத் தானே அச்சடித்து, பையில் சுமந்து, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். 'வாடிவாசல்' இந்த மதுரைப் பக்கத்து மண்ணில் இருந்து எடுத்தது. எண்பத்தைந்து வயதை ஒட்டி, 1997இல், 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலைக் கொண்டுவந்தார். மறுவருஷம் இறந்தார். அதற்குச் சாகித்ய அகாதெமி விருது 2001இல்தான் வந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெரு பக்கம் நடந்தேன். வெற்றிலைக் கட்டு, பூக்கூடை, கொடைக்கானல் பூண்டு. ஒரு ஜவுளிக் கடையில் பையன் ஒருவன் தாங்கியில் துண்டுகளை மாட்டிக்கொண்டிருந்தான். பழக்க தோஷம், எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டேன். "ஈரோடுக்கா" என்றான். ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சென்னிமலை நெசவு.

இதைத் திண்டுக்கல்லில் பிடித்த ஈரோடு பஸ்ஸில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். கரூர் தாண்டப் போகிறது. நாளைக்குச் செவ்வாய்ச் சந்தை, காலை ஆறு மணிக்கே கடைக்குப் போக வேண்டும், பேல் பிரிக்கும் நாள். மடியில் நோட்டு இருக்கிறது. டீக்கடைப் பெரியவரின் பினாங்குச் சித்தப்பாவைப் பற்றி முதல் பக்கம் பிரான்மலை பஸ்ஸிலேயே எழுதிவிட்டேன். சாமான் வருவது நின்றுபோன வருஷத்தில் அந்த வீட்டுப் பெண்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் கதை. அழுகை வராது.

தை மாதம் மறுபடி லீவு கிடைக்கும். கபிலர் கடைசியாகப் போய்ச் சேர்ந்த திருக்கோவலூருக்குப் போகலாம் என்று இருக்கிறேன். பெண்ணையாற்றுக்கு நடுவே கபிலர் கல் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து சேலம், திருவண்ணாமலை வழியாகப் போவதா, விழுப்புரம் போய்ப் போவதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்து கல்லுக்குப் பக்கத்தில் நடந்து போக முடிகிற மாதம் எது என்றும் சொன்னால் நல்லது.